பதினோரு நொடி

ஒலிப்பதிவில் அவள் பேசாத இடத்தை
அடைப்புக்குறி போட்டு எழுதவேண்டும். விதி அப்படி.
மௌனம், பதினோரு நொடி.

பத்துமுறை ஓட்டிக் கேட்டுவிட்டேன்.
மௌனம் என்று எதுவும் அங்கே இல்லை.
டயாலிசிஸ் இயந்திரத்தின் பம்ப் சுற்றுகிறது,
கெட்டில் கொதித்துத் தானாக அணைகிறது,
தெருவில் பனி வழிக்கும் வண்டி போகிறது,
யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
அது நானாகவும் இருக்கலாம்.

வினிபெக், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
இந்த ஊரில் கார்களுக்கும் இரவில் ஒயர் மாட்டவேண்டும்,
இல்லையென்றால் காலையில் எஞ்சின் எழாது.
வாசலில் ஒரு கார், உள்ளே ஒரு கணவர்,
இரண்டையும் செருகிவிட்டு
எதிலும் செருகப்படாமல்
அவள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள்.

புனைபெயர் ஒன்று சொல்லுங்கள் என்றேன்.
அவர் செத்துப்போன தன் நாயின் பெயரைச் சொன்னார்,
சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் குழாய் குலுங்கியது.
அவள், "ஏதாவது போடு" என்றாள்.
ஹெலன் என்று போட்டேன். என் நாத்தனார் பெயர்.

கேள்வி நான்கு:
சிகிச்சையின் வேலைகளைக் குடும்பத்தில் எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள்?
"எல்லாம் இவள்தான்" என்றார் அவர்.
அப்புறம்தான் அந்தப் பதினோரு நொடி.
அப்புறம் அவள்:
"பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.
தூங்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான்."

அலாரம் அடித்தது அதற்குப் பிறகு.
பதினான்கு வருடம் வார்டில் நின்ற உடம்பு,
நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது.
ஆய்வாளர் சிகிச்சையில் தலையிடக்கூடாது,
நானே கையெழுத்துப் போட்ட தாள்.
மீதிப் பாதி எழுவதற்குள் அவள்
மடங்கிக் கிடந்த குழாயை நீவிவிட்டு
பொத்தானை அமுக்கி, அவர் போர்வையை இழுத்துவிட்டு
"டீ ஆறுதே" என்றாள் என்னிடம்.

"இதற்கு என்ன குறியீடு கொடுப்பாய்?"
வழிகாட்டி கேட்கிறார், கனிவாகத்தான்.
விழிப்பு என்று எழுதி அடித்தேன்.
உழைப்பு என்று எழுதி அடித்தேன்.
பிறகு அந்தக் கட்டத்துக்கு
மஞ்சள் நிறம் மட்டும் பூசிவைத்தேன்.

நாகர்கோவிலிலிருந்து அத்தை போனில்:
"டாக்டர் ஆயிட்டா இனி நீயே மருந்து எழுதுவியா மக்களே?"
"இல்ல அத்தை, இது வேற டாக்டர்."
"ஊசி?"
"அதுவும் இல்ல."
"பின்ன எதுக்கு நாலு வருசம்?"
நியாயமான கேள்வி. ஆய்வுக் குழுவில்
ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

குடும்ப நலம் என்று தலைப்பில் எழுதிக்கொண்டு
வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்றே தெரியாத மாதம் அது.
மகன் ஜெரின், பன்னிரண்டு வயது,
என் ஒப்புதல் படிவத்தைப் பார்த்து எழுதிய ஒரு தாளை நீட்டினான்:
இரவுச் சாப்பாட்டில் பங்கேற்பது உங்கள் விருப்பம்.
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.
விலகினால் தோசை ஆறிப்போகும்.
கீழே தேதி, கையெழுத்துக்கு ஒரு கோடு.
போட்டேன்.
சாட்சிக் கையெழுத்து செல்வின் போட்டார்,
பஸ் ஓட்டிவிட்டு வந்த யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல்.

மார்ச்சில் அவள் கூப்பிட்டாள்.
அவர் போய்விட்டார், செவ்வாய்க்கிழமை.
இயந்திரத்தை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்,
அது நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது என்றாள்.
அப்புறம், "அந்தப் பேரை மாற்ற முடியுமா?
ஹெலன் வேண்டாம். என் சொந்தப் பேரையே போடு."
எழுத்து எழுத்தாகச் சொன்னாள், இரண்டு முறை.

முடியாது. நெறிமுறைக் குழு விடாது.
ஆய்வேட்டில் முடியாது, இங்கேயும் முடியாது.
அதை அவளிடம் சொல்ல நான் வாய் திறப்பதற்குள்
பேனா என் புறங்கையில் எழுதி முடித்திருந்தது,
வார்டில் தாள் கிடைக்காத அவசரத்தில்
ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வது போல.

அன்றிரவு பாத்திரம் தேய்க்கக் கை நனைக்கவில்லை.
ஏன் என்று கேட்காமல்
செல்வின் தேய்த்தார்.