ஏழாவது பொருள்

நாய்ப் பூங்காவுக்கு வேலி போடுவது ஆறாவது பொருள்.
அதற்கு ஐம்பது நிமிடம் ஆனது.
ஏழாவதாக இது வந்தது:
குற்றப் பகுப்பாய்வாளர், ஓர் இடம்,
பதினான்கு மாதமாகக் காலி.

நான் குறிப்பு எழுதுபவள்.
யார் சொன்னார்கள் என்று எழுதுவேன்.
எந்தக் குரலில் சொன்னார்கள் என்று எழுத அனுமதியில்லை.

ஆல்டர் ஃபோர்க்குக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது.
மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருபத்திரண்டாயிரம் பேர்,
மத்திய அரசின் படையை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம்:
முப்பத்தொரு சீருடை, பதினொரு வண்டி.
நாற்காலி, விளக்கு, தொலைபேசி எடுக்கும் பெண்,
சாவிக்கொத்து, காப்பி வடிகட்டும் தாள்
எல்லாம் நகராட்சியின் தலையில்.
உட்கார்ந்து யோசிப்பவரும் அந்தப் பட்டியலில்தான்,
காப்பித்தாளுக்கு அடுத்த வரி.

"முப்பத்தொரு பேருக்கு மூளை இல்லையா?"
கேட்டவர் உறுப்பினர் கார்த் லிண்ட்ஸ்ட்ரம்.
சிரித்தார்கள். சிரிப்பு குறிப்பில் ஏறாது.
சார்ஜென்ட் ரூலோ தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்:
"இருக்கிறது ஐயா, ஓடிக்கொண்டிருக்கிறது.
ஓடுகிற மூளைக்குக் கூட்டிக் கழிக்க நேரமில்லை."

பிறகு மார்கிட் வீபே பற்றிச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் திருட்டு.
செவ்வாய் ஒரு தெரு, வியாழன் ஒரு தெரு.
ஒருவனா பலரா, ஒன்றும் பிடிபடவில்லை.
மார்கிட் புகார்கள் அத்தனையும் படித்தாள்,
வரைபடத்தைச் சுருட்டி வைத்தாள்,
குப்பை வண்டி வரும் அட்டவணையை எடுத்துப் பிரித்தாள்.
தெரு நெடுக நீலத் தொட்டி வெளியே நிற்கிற காலையில்
எந்த வாசலில் தொட்டி இல்லையோ
அந்த வீட்டில் ஆள் இல்லை.
அவ்வளவுதான்.
அடுத்த வியாழன் மில் சாலையில்
ஒரு வெள்ளை வேன், உள்ளே
ஒன்பது மடிக்கணினி, ஒரு டிரம்பெட்.

அவள் பெரிய நகரத்துக்குப் போய்விட்டாள்.
அங்கே இருபத்தாறாயிரம் டாலர் அதிகம்.
யாரும் அவளைக் குறை சொல்லவில்லை,
சம்பளத்தை ஏற்றவும் இல்லை.

ஒருமுறை நகல் இயந்திரம் சூடாகக் காத்திருந்தபோது
என்னிடம் சொன்னாள்:
"திருட்டு நடந்த இடத்திலா புள்ளி விழுகிறது?
தொலைபேசியைத் தூக்கிய இடத்தில்.
ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், அடித்தள வீடுகளில்
இரவு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் கூப்பிடுவதில்லை.
அங்கே படம் வெள்ளையாக இருக்கும்.
வெள்ளையைக் காட்டி, அமைதியான பேட்டை என்பார்கள்."

புள்ளி வைத்ததெல்லாம் மெய்யில்லை.
வைக்காமல் விட்ட இடத்தையும்
அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒப்பந்தத்தின் எழுபது பக்கத்தில்
அந்தப் பார்வைக்கு ஒரு பத்தி இல்லை.

உறுப்பினர் ஓடெட் ஷார்போனோ திருத்தம் கொண்டுவந்தார்:
முழு ஆள் வேண்டாம், அரைப் பணியிடம்.
நான்குக்கு மூன்று.
கார்த் லிண்ட்ஸ்ட்ரம் அரைக்கும் கை தூக்கவில்லை.

அரை ஆள்.
இடுப்புக்கு மேலா, கீழா என்று
யாரும் கேட்கவில்லை.
திங்கள் காலையிலிருந்து புதன் நண்பகல்வரை
யாரோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவார்.
வியாழக்கிழமைத் திருடர்கள்
கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியது, இரவு 9.42 என்று எழுதினேன்.
எட்டாவது பொருள் வாகன நிறுத்தக் கட்டணம்.

வெளியே பனி பொடிந்துகொண்டிருந்தது.
காவல் நிலையத்தின் பின் ஜன்னலில்
மார்கிட்டின் மேசை தெரிந்தது.
அதன்மேல் யாரோ
போக்குவரத்துக் கூம்புகளை அடுக்கியிருந்தார்கள்.

நாளை வியாழன்.
பக்கத்து வீட்டு டோய்ச்மன் தம்பதி மெக்சிகோவில்.
அவர்கள் கொட்டகையிலிருந்து நீலத் தொட்டியை
இழுத்து வந்து அவர்கள் வாசலில் நிறுத்தினேன்.
சக்கரம் கீச்சிட்டது, எதிரே ஒரு விளக்கு எரிந்தது.
யார் கண்ணிலாவது நான் ஒரு புள்ளியாகப் பட்டிருப்பேன்.

திரும்பி நடந்தவள் நின்றேன்.
காலித் தொட்டியைக் காற்று சாய்த்துவிடும்.
பையிலிருந்த கூட்டக் காகிதங்களை,
இருநூற்றுப் பதினாறு பக்கம், ஏழாவது பொருளோடு,
உள்ளே போட்டு மூடினேன்.