இடது பக்கம் அன்று

நாலாம் வகுப்புக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:
தாளை இரண்டாய் மடியுங்கள்.
இடது பக்கம் அன்று,
வலது பக்கம் இன்று.
வெள்ளிக்கிழமைக்குள் தைத்துக் கொண்டுவாருங்கள்.

அட்டைக்கு வந்தவை:
மாதா கோயில் திருவிழா நோட்டீஸ்,
மளிகைக்கடைக் காலண்டரின் முதுகு,
படகு மோட்டார் வந்த பெட்டியின் ஒரு சுவர்.
ஊசியும் நூலும் என்றுதான் கேட்டிருந்தேன்,
பாம்பன் தெற்குவாடிப் பிள்ளைகள்
வலைபின்னும் ஊசியும் நரம்புமாய் வந்தார்கள்.
நாலு துளை போதும் என்றால்
எட்டுப் போட்டு இறுக்கினான் ரெக்ஸ்டன்:
"சுறா இழுத்தாலும் அவுறாது டீச்சர்."

பாய்மரம், எதிரே விசைப்படகு.
அரிக்கேன், எதிரே டார்ச்.
தந்தி, எதிரே வாட்ஸ்அப்.
ஒருவனைப் பார்த்து ஒன்பது பேர் வரைந்தது.
சிவப்பு டிக் தானாக விழுந்துகொண்டிருந்தது.

நௌஃபியா பாலத்தை வெட்டி ஒட்டியிருந்தாள்.
பக்கத்தைத் திறந்தால்
கை விரிப்பதுபோல் பிளக்கும் பழையது.
நூலை இழுத்தால்
நெட்டுக்குத்தாய் ஏறும் புதியது.
இரண்டுமே வலது பக்கத்தில்.
"பழசு இடது பக்கம் வரணுமே?"
"எங்க மாடியில நின்னா ரெண்டும் தெரியுதே."
அவள் வீட்டு மாடிக்கு நான் ஏறியதில்லை.
மதிப்பெண்ணைப் பென்சிலால் எழுதிவைத்தேன்.

அப்புறம் ஜெனிலாவின் புத்தகம், குடிதண்ணீர்.
இடது பக்கம் இடுப்பில் குடத்தோடு ஒருத்தி.
வலது பக்கமும் அவளே,
அதே சேலை, அதே வளைந்த இடுப்பு.
குடம் மட்டும் மண்ணிலிருந்து
ஊதா பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தது.
அன்று ஊத்துக்குப் போனாங்க.
இன்று லாரிக்குப் போறாங்க.

"என்ன மாறியிருக்கு? நல்லா யோசி" என்றேன்.
ரப்பரை எடுத்தாள்,
எதையும் அழிக்கவில்லை.
மண்குடத்தின் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் சேர்த்தாள்:
இதுக்குக் காசு இல்லை.

என் மேசைமேல் இருபது ரூபாய் பாட்டில்
பாதி குடித்து நின்றது.
எதற்கென்று தெரியாமல்
அதன் மூடியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன்.

கண்காட்சி தள்ளிப்போனது.
அலமாரியில் உப்புக்காற்று குடித்துக் குடித்து
எல்லாப் புத்தகங்களும் உப்பிவிட்டன.
எதுவும் மூடமாட்டேன் என்கிறது.
அன்றுக்கும் இன்றுக்கும் நடுவே
விரல் நுழையும் சந்து.
அதன் வழியே மைதா பசையைத் தேடி
எறும்புகள் போவதும் வருவதுமாய்.

ரெக்ஸ்டன் முடிச்சு
இன்னும் அவிழவில்லை.