நாற்பத்தொன்றாம் கடை

அலுவலக வரைபடத்தில்
நாற்பத்தொன்றாம் கடை இன்னும் கரையில்தான் இருக்கிறது.
ஒரு பச்சைப் புள்ளி.
செவ்வாய்தோறும், காலை பத்தே கால்.

ஏரியை இங்கே நாம் லோல்வே என்பார்கள்.
ஒவ்வொரு மழைக்கும் ஒரு படி ஏறி
எந்த வெயிலுக்கும் இறங்காமல்
பெர்பெத்துவா அவோகோவின் கடைக்குள் அது வந்த இரவு
முதலில் போனது உப்பு.
பிறகு சர்க்கரை, பிறகு தீப்பெட்டிகள்.
சோப்பு மட்டும் தாக்குப்பிடித்து
மூன்று நாள் நுரைத்துக்கொண்டே கரைந்ததாம்.
"ஏரி குளித்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்கிறாள்
சிரிக்காமல்.

கடன் நோட்டும் போயிற்று.
மறுவாரம் பதினேழு பேர் வந்து
தங்கள் பாக்கியைத் தாங்களே சொன்னார்கள்.
ஒருவர் கூட்டிச் சொன்னார்.
இரண்டு பேர் மட்டும்
சந்தைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது கடை மேட்டில்,
தேவாலயத்தின் பின்சுவர் ஓரம்,
அதே தகரம், அதே கம்பிவலை.
'இன்று ரொக்கம் நாளை கடன்' பலகையைக் குப்புறப் போட்டு
மேசையாக்கியிருக்கிறாள்.
எழுத்து இப்போது
அடியில் உட்கார்ந்து மாங்காய் தின்னும்
அவள் மகனுக்கு மட்டும் தெரியும்.

என் கைபேசிக்கு இதெல்லாம் தெரியாது.
'கடையிலிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்.
உள்ளே சென்று பதிவு செய்யவும்.'
பதிவு இல்லையென்றால் ஆர்டர் இல்லை.
ஆர்டர் இல்லையென்றால் வண்டி வராது,
மேட்டில் உள்ளவர்கள் இருபது மில்லி எண்ணெய்க்கு
ஹோமா பே வரை நடப்பார்கள்.
என் கமிஷனும் நடந்துவிடும்.

மூன்று முறை எழுதினேன்.
நைரோபியிலிருந்து பதில்:
இடமாற்றத்துக்குச் சான்று இணைக்கவும்,
பழைய இடத்தின் உரிமையாளர் கையொப்பத்துடன்.
"போய் ஏரியிடம் வாங்கி வா, ஒபுயா" என்றாள்.

ஆகவே செவ்வாய்தோறும்
காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி,
பிறகு சுருட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டு,
ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு இறங்குகிறேன்.
கரையில் நின்று பையன் நீர்யானைக்குக் காவல்.
இதுவரை ஒன்றும் வரவில்லை;
வந்தால் என்ன செய்வான் என்று
நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தூக்கிய கையில் கைபேசி.
நெஞ்சளவு தண்ணீரில் அது அதிர்கிறது:
நல்வரவு.
கடை திறந்திருக்கிறதா?
ஆம்.
அலமாரியைப் படம் எடுக்கவும்.
எடுக்கிறேன்.
அலை, அலைமேல் ஒரு ரப்பர் செருப்பு.
எங்கோ ஒரு கணினி எண்ணிப் பார்த்துச் சொல்கிறது:
நம் பொருட்கள் பூஜ்ஜியம், போட்டியாளர் பூஜ்ஜியம்.
நல்ல வாய்ப்புள்ள கடை.

மேலிருந்து அவள் கத்துகிறாள்,
பாதி வழியில் பையன் அதைத் திருப்பிக் கத்துகிறான்:
சலவைத்தூள் சின்னது ஆறு சரம்!
தேயிலை ஐந்து ஷில்லிங் பொட்டலம் நான்கு அட்டை!
பென்சில் பேட்டரி!
நாப்கின், ஒற்றையாக விற்பது!
உப்பு!
கட்டைவிரல் ஈரத்தில் எண்கள் தவறிவிழுகின்றன.
ஒருமுறை ஆறு, அறுபதாகி
மாதம் முழுக்க மேடே வெளுத்துக் கிடந்தது.

போன வாரம் அனுமதி வந்துவிட்டது.
புள்ளியை நகர்த்தியாயிற்று.
இன்று காலணியோடு மேடேறி
நிழலில் நின்று பதிவு செய்தேன், இரண்டே நிமிடம்.
பையன் என்னை ஏதோ ஏமாற்றியவனைப் போலப் பார்த்தான்.

அடுத்தது நாற்பத்திரண்டு, கிழவர் ஞாண்டிகாவுடையது.
மழை பெய்து ஒன்பது நாளாகிறது.
வாசற்படி ஈரமாக இருந்தது.
அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
தரையில் கிடந்த உப்பு மூட்டையைத் தூக்கி
மேல் தட்டில் வைத்தேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.