எல்லை நிபந்தனைகள்

கொக்குவிலில் கரண்ட் போனால்
முப்பத்தோராயிரம் கணுக்களும் ஒரேயடியாய்ப் போகும்.
மடிக்கணினியின் பற்றரி செத்து ஏழு மாதம்.
மின்விசிறியின் சத்தம் மாறும் அந்த அரை விநாடியில்
சேமிக்கப் பழகிவிட்டேன்.
அதற்கு எந்தப் பாடத்திலும் புள்ளி இல்லை.

பொறியியல் முதுமாணி, இரண்டாம் வருடம்.
ஆய்வு: தீவுப் படகொன்றின் எஞ்சின் இருக்கையில் எழும் அதிர்வு.
மரத்தின் நாரோட்டத்தைக் கணக்கில் எடுத்தேன்.
கடலை ஓர் எண்ணாய்ச் சுருக்கினேன்.
சனத்தைத் திணிவாக்கினேன், ஆளுக்கு அறுபது கிலோ,
சைக்கிளும் ஐஸ்பெட்டியும் புறம்பு.
எஞ்சின் நாலு மூலையிலும்
இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று
ஒரு வரி எழுதிவிட்டு மேலே போனேன்.

அந்த வரிக்குள் ஐந்து மாதம் போனது.

மாதிரி சொன்னது முப்பத்தொன்று.
படகு சொன்னது பத்தொன்பது.
வலையை நெருக்கினேன்.
சூடை ஒன்றுகூடத் தப்பாதபடி நெருக்கினேன்.
முப்பது புள்ளி ஒன்பது.

"கருவியைச் சந்தேகி" என்று எழுதினார்
கலாநிதி யோகதயாளன்.
சந்தேகித்தேன்.
காந்தத்தை, வயரை, அன்று அடித்த சோளகத்தை,
என் கூட்டலை,
சாப்பிட்டேன் என்று அம்மாவுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
முதல் பஸ்ஸில் குறிகட்டுவான்.
கட்டிய படகு, நின்ற எஞ்சின்.
பலகையைத் தூக்க டீசலும் உப்பும் சேர்ந்த வெக்கை.
முழங்காலில் இருந்து டோர்ச் அடித்தேன்.

இருக்கைக்கும் மரத்துக்கும் நடுவில்
வார் அறுந்த பாட்டாச் செருப்பு,
மூலைக்கு ஒன்று.
நாலும் இடது கால்.

எஞ்சினைப் பார்க்கும் றெக்சன்
என்னிலும் மூன்று வயது குறைவு.
ஒரு காதில் மட்டும் ஹெட்செட்.
"உதை எழுதிப் போடாதேங்கோ அக்கா,
செக்கிங்காரர் கண்டால் படகை மறிச்சுப்போடுவினம்."

ஏன் வைத்தாய்?

"கிளினிக்குக்குப் போற பிள்ளைத்தாச்சியள்
எஞ்சின் பெட்டியோடதான் இருக்கிறவை.
அங்கதான் தண்ணி அடிக்காது.
துறையை விட்டு ரேசைக் கூட்டேக்க
பெட்டி பல்லுக் கிட்டிறமாதிரி நடுங்கும்.
முதல்ல சாக்கு மடிச்சு வைச்சன், சரிவரேல்லை."

ஏன் எல்லாம் இடது?

"கரையில ஒதுங்கினது அப்பிடி."

உயர்தரப் பௌதிகத்தில்
ஒன்றின் மீடிறனுக்கு மற்றொன்று குலுங்குவதைப்
பரிவு என்று படித்தோம்.
மொழிபெயர்த்தவர் நித்திரைத் தூக்கத்தில் இருந்திருப்பார் என
ரியூசன் கொட்டிலில் சிரித்திருக்கிறோம்.
திரும்பி வரும் பஸ்ஸில், பண்ணைப் பாலத்தில்,
அவரிடம் பாதி மன்னிப்புக் கேட்டேன்.
மீதியைக் கேட்க முடியவில்லை:
பாடநூலின்படி றெக்சன் செய்தது
பரிவைத் தவிர்த்தது.

அன்றிரவு கரண்ட் போகவில்லை.
இறுக்கிய நாலு மூலையையும் தளர்த்தி
ஒவ்வொன்றின் கீழும் ஒரு மெல்லிய படை வைத்தேன்.
இரண்டு மணிக்கு விடை வந்தது.
பதினெட்டுப் புள்ளி எட்டு.
அடுத்த வளவு நாய் எதற்கோ ஒருதரம் குரைத்துவிட்டு நிறுத்தியது.

நாலாம் அத்தியாயத்தில் இப்போது இப்படி இருக்கிறது:
இருக்கைக்கும் அடித்தளத்துக்கும் இடையில்
மீள்தன்மைப் படை ஒன்று கருதப்பட்டது.
பொருள் இறப்பர். தடிப்பு பதினைந்து மில்லிமீற்றர்.
யாரால் கருதப்பட்டது என்று
தமிழும் கேட்கவில்லை, இங்கிலீசும் கேட்கவில்லை.
ஓரத்தில் சிவப்பில் கலாநிதி மட்டும்: மூலம்?
இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அழித்தேன்.
"களத்தில் பெறப்பட்டது."

குதிப்பக்கம் தேய்ந்திருந்தது.
அங்கே தடிப்புக் குறைவு, விறைப்புக் கூட.
அதையும் சேர்த்தால் பத்தொன்பதைத் தொடலாம்.
சேர்க்கவில்லை.
யாரோ நாலு பேர் குதியை ஊன்றி ஊன்றி
எங்கேயோ நடந்திருக்கிறார்கள்.
அவர்களை வழு என்ற நிரலில் விட்டிருக்கிறேன்,
ஒரு வீதம்,
ஏற்கத்தக்கது.