வடுவிலானுக்கு மெடிக்கல்

வெள்ளிக்கிழமை, சோஹார்.
ஏசித் தண்ணீர் பெயின்ட் வாளியில் சொட்ட
நாலு கட்டிலுக்கு நடுவே
பதினேழாம் இதழை விரித்து வைத்திருக்கிறோம்.
சிவகாசி அச்சு, கார்கோவில் வந்தது.
ஊறுகாய் எண்ணெய் ஒரு மூலையில்
புது வில்லனைப்போல் பரவியிருக்கிறது.

முப்பதாம் பக்கத்தில் கை அறுந்து விழுகிறது.
முப்பத்தொன்றில் முளைத்துவிடுகிறது.
'வெரலு ஆறு' என்றான் இருதயராஜ்.
எண்ணினோம். ஆறுதான்.
'இந்த ஆளுக்குக் கை வரையக் கை வராது.
பழைய ஓவியர்னா நகக்கண்ணுல அழுக்குகூடத் தெரியும்.
இவரு பாரு, முஷ்டிய எல்லாம் பொகைக்குள்ள ஒளிக்கிறாரு.'
'அவசரமா மொளைக்கிற கை, கணக்குத் தப்பத்தான் செய்யும்.
நம்ம ஓவர்டைம் ஷீட்டு தப்பலையா?'
இது நைனா முகம்மது.

பிறகு வழக்கமான வழக்கு:
வடுவிலானால் எதுவரை ஆற முடியும்?
புது எலும்புக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?
சண்டை முடிந்ததும் ஒரு குண்டான் சோறு இறங்க வேண்டாமா,
ஒரு கட்டத்திலாவது அவன் சாப்பிட்டிருக்கிறானா?
காது குத்தினால் மறுநாளே தூர்ந்துவிடுமே,
தாய்மாமன் செய்த செலவு?
'கிட்னியில கல்லு வந்தா?'
மறுபடியும் நைனா; மூன்று கோடையாக அவருக்கு அது உண்டு.
'கல்லு காயமில்லியே. சக்திக்கு அது எப்படித் தெரியும்?
அவனும் என்னமாதிரி பார்லித் தண்ணியக் குடிச்சிட்டு
சொவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.'

பூவலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனான்.
அவன் எப்போதும் வடுவுக்கு வக்கீல்.
'ஆறட்டும். ஆறின எடத்துல ஒரு கோடு வேணாமா?
நூறு சண்டை போட்டவன் முதுகு
புது பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருந்தா
அந்த நூறையும் போட்டது யாரு?
மையிடுறவரு சோம்பேறி.
இங்க, வெலாவுக்குக் கீழ, நாலு குறுக்குக்கோடு போதும்.'
பால்பாயின்ட் பேனாவால் போட்டும்விட்டான்.
என் புத்தகம். கத்தினேன்.
இனி இதை விற்க முடியாது என்றான் இருதயராஜ்,
யாரோ விலைக்குக் கேட்டு வாசலில் நிற்பதுபோல.

செவ்வாய்க்கிழமை, விசா புதுப்பிக்க மெடிக்கல்.
சட்டையைக் கழற்று. மூச்சை இழு. பிடி.
வலது நுரையீரலின் உச்சியில்
அரிசி அளவு வெள்ளை.
இத்தனை வருடமாகப் பழைய மெஷின் கண்டுகொள்ளாதது.
பன்னிரண்டு வயதில் வந்து போனது:
ஆறு மாதம் மாத்திரை,
ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறம், பள்ளியில் தனி பெஞ்சு.
ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரிச் சீட்டில்
குணமானது என்று முத்திரையே இருக்கிறது.
சளியில் ஒன்றுமில்லை, ரத்தத்திலும் இல்லை.
ஆனால் படத்தில் இருக்கிறதே.
அன்ஃபிட்.

மூன்றாம் வாரம் பெட்டி கட்டினோம்.
தராசு இல்லாததால் நைனா கையால் தூக்கி எடை சொன்னார்.
கம்பளியை வெளியே எடுத்தோம், பால்பவுடரை எடுத்தோம்,
கம்பளியைத் திரும்ப வைத்தோம்.
இருதயராஜ்தான், டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே,
'வடுவிலானுக்கு மெடிக்கல் வச்சா
மொத ஆளா பாஸாயிருவாண்டா' என்றான்.
'ஆறு வெரலோடயா?' என்றான் பூவலிங்கம்.
எல்லோரும் சிரித்தோம். சிரிப்பில் அவனுக்குப் புரையேறி
இரண்டு முறை இருமினான்.
நாங்கள் மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தோம்.
பார்த்ததை அவனும் பார்த்தான்.

பதினெட்டாம் இதழ் வந்திருக்கிறது.
பழைய ஓவியர் திரும்பிவிட்டார்.
விரல் ஐந்து, நகக்கண்ணில் அழுக்கு,
முதுகு மட்டும் அதே டைல்ஸ்.
பூவலிங்கத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.

அவன் கட்டிலில் இப்போது ஒரு நேபாளப் பையன்.
தமிழ் தெரியாது, படம் பார்க்கிறான்.
பதினேழாம் இதழில் ஏதோ அழுக்கென்று நினைத்து
எச்சில் தொட்டு விலாவைத் தேய்க்கிறான்.
கோடு போகவில்லை.
தாள்தான் நூல்நூலாக எழும்புகிறது.