நூல் பிடித்த காற்று

பின்கதவில் நாற்பது நூல் ஒட்டினேன்,
சிவப்புக் கம்பளி, ஒவ்வொன்றும் விரல் நீளம்.
கூத்தாநல்லூர் தாண்டி நூற்றுப்பத்தில் போக
பின்னால் மச்சான் காரிலிருந்து
இதயத்துல்லா படமெடுத்தான்.

கூரையில் நூலெல்லாம் சீவிவிட்ட மயிர்.
கண்ணாடிக்குக் கீழே மட்டும் பேயாட்டம்.
"காத்து இங்கதான்டா உன் சட்டையைப் புடிச்சு இழுக்குது."

ஸ்பாய்லரை நீட்டினேன்.
கடைப்பலகைக்கு வாங்கி மிஞ்சிய தகட்டை வெட்டி
முன்பம்பருக்கு அடியில், தரைக்கு மூன்று விரல் மேல், மாட்டினேன்.

மறுநாள் லெட்சுமாங்குடியில் பாதிச் சாலைக்கு நெல் காய்ந்தது.
பிரேக் மிதித்தும்
தகடு இரண்டு மரக்கால் வாரிக்கொண்டது.
அஞ்சம்மா துடைப்பத்தோடு நின்றாள்.
"கையாலயே அள்ளிப் போட்டுட்டுப் போ."
போட்டேன். ஒரு மணி விடாமல்.

கிளம்பியபோது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
பதர் சுழலவில்லை, நூல் பிடித்ததுபோல் நேராக நீண்டது.
அதே கோட்டில்
உடையாமல் வந்தது அவள் வசவு.