செவ்வாய்ப்பேட்டைத் தரப்பு

சேர்வராயன் ஆலையில் விற்பனை பார்த்த நாளில்
சட்டைப்பையில் பேனா வைத்ததில்லை.
ஒரு காந்தம்.
பட்டறைக்குள் நுழைந்ததும்
அடுக்கிலிருந்து தம்ளர் ஒன்றை உருவி
வயிற்றில் வைப்பார். நழுவி விழுந்தால்
"நம்ம சரக்கு" என்பார்,
பாஸான பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற மாதிரி.

தொண்ணூற்றேழு ஆடியில்
யாவாரம் படுத்துக்கிடந்தபோது
ஓரம் கீறிய சுருள், இரண்டு டன்,
கடனுக்கு எழுதினார்.
எந்தப் பேரேட்டில் என்று நான் கேட்கவில்லை.
தீபாவளிக்கு அடைத்தேன்.

பிறகு அரசாங்கம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.
கப்பலில் வரும் இரும்புக்கு நியாய விலை பார்க்க
இரும்பு தெரிந்த ஆள் வேண்டுமாம்.
டெல்லியில் அவர் மிஸ்டர் ஷெவராய் ஆனார்.
மலைக்கு வெள்ளைக்காரன் செய்ததுதான்.

பதினோரு பேர் போனோம், இரண்டு ராத்திரி ரயில்.
பெரிய ஆலைகள் வரி கேட்டிருந்தன:
வெளிநாட்டுத் தகடு அடிமாட்டு விலைக்கு வருகிறது.
அந்த அடிமாட்டு விலையில்தான்
எங்கள் தெருவில் நாற்பது பஃபிங் மோட்டார் ஓடியது.
எவர்சில்வர் பற்றிய விசாரணை;
மேசையெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர்.

நடு நாற்காலியில் அவர். முழுக்க நரைத்து.
ஆரம்பிக்கும் முன்பே சொன்னார்:
மனுதாரரில் ஓர் ஆலையில்
பதினெட்டு வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.
யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

எங்கள் வக்கீல் என் முகத்தைப் பார்த்தார்.
ஓரம் கீறிய இரண்டு டன்
என் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.
இல்லை என்று தலையாட்டினேன்.

வந்த தகட்டில் அடித்த தம்ளரை நீட்டியபோது
அவர் கை சட்டைப்பைக்குப் போய்
பேனாவைத் தொட்டுத் திரும்பியது.
காந்தம் இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை.
இந்தத் தகடும் நழுவும்.

உத்தரவு இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
வரி, ஐந்து வருடத்துக்கு.
தொண்ணூற்று மூன்றாம் பத்தியில் நாங்கள் இருந்தோம்:
'சேலம் சிறு பட்டறைகளின் சிரமம் கருதப்பட்டது.'
கருதப்பட்டது.
கிலோவுக்கு முப்பத்தெட்டு ரூபாய் ஏறியது.
ஒன்பது பேரை நிறுத்தினேன்.
முதல் ஆள் களரம்பட்டி பழனியாண்டி.
அவன் ஒன்றும் பேசவில்லை,
முகத்தில் கட்டும் துணியை உதறி
மடித்து மோட்டார்மேல் வைத்துவிட்டுப் போனான்.

வைகாசியில் வந்தார் சேர்வராயன்,
மலைமேல் குலசாமியைப் பார்க்கப் போகிற வழியில்.
நின்றபடி தண்ணீர் குடித்தார்.
தம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.
"அன்னைக்கு ஆட்சேபம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
எந்திரிச்சுப் போயிருப்பேனே, மாதையா."

கார் அஸ்தம்பட்டிப் பக்கம் திரும்பியது.
அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு.

இரண்டு டன்னைப் பற்றி
அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.
ஞாபகமே இல்லையோ என்னவோ.